குழந்தைகளுக்குத் தோல்பாவைக் கூத்து சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை முகாம்களில் இப்போது தோல்பாவைக் கூத்து, அதாவது விளக்கொளியில் திரையில் பாவைகளை ஆட்டிக் கதை சொல்லும் நிழல்பாவை பயிற்சியும் நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் புதிதாகச் சொல்லித் தருகிறவர்கள் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கத்தரிக்கோல் ஜாக்கிரதை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கறுப்பு சார்ட்

நிழல் என்றதும் கடைக்குப் போய்க் கறுப்பு சார்ட்டை வாங்கி வந்துவிடுகிறார்கள். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். கன்னியாகுமரி, மதுரைப் பக்கம் ஆடும் பாவைகள் கறுப்பு உருவங்களே இல்லை. ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, இழுத்துக் காயவைத்தால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்துவிடும். அதில் வண்ணம் தீட்டி, நகை, ஆடை வரும் இடங்களில் உளியால் சிறு துளைகள் போடுவார்கள். பின்னால் விளக்கை ஏற்றினால் திரையில் சிவப்பும் பச்சையும் ஒளிரும், துளைகள் நகையாக மின்னும்.

பாலக்கோடு பக்கம் ஒரு முகாமில் ஒரு சிறுமி கறுப்பு அட்டையில் மயில் வெட்டி, கிரேயானில் பச்சை, நீலமெல்லாம் ஆசையாகத் தீட்டியிருந்தாள். திரையில் வெறும் கறுப்பு. முன்னாலும் பின்னாலும் ஓடிப் பார்த்துவிட்டு, "சார், என் பச்சை எங்க போச்சு?" என்றாள். அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. இந்தக் கலையே கறுப்பு வெள்ளைதான் என்று நினைத்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள், அதுதான் பெரிய நஷ்டம்.

சாதாரண வெள்ளைத் தாளே போதும். ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, ஊசியால் துளையிட்டு, கடைசியாகத் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவித் துடையுங்கள். எண்ணெயை முதலில் தடவினால் மை பிடிக்காது. அப்புறம் நடுவில் குச்சியை நூலால் கட்டுங்கள். எண்ணெய்த் தாளில் டேப் நிற்காது.

பாவை ஒருவர் கையில், பேச்சு இன்னொருவர் வாயில்

மைக்கில் ஒரு பிள்ளை வசனம் படிக்க, இன்னொரு பிள்ளை ஆட்டினால் கையும் குரலும் ஒட்டவே ஒட்டாது. மரபுக் கூத்தில் ஒருவரே பல பாவைகளை ஆட்டி, ராமனுக்கும் ராவணனுக்கும், சிரிக்கவைக்கும் உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரலை மாற்றி மாற்றிப் பேசுவார். பிள்ளைக்கு இரண்டு வரிதான் வரும் என்றாலும் பரவாயில்லை, அதை அதுவே பேசட்டும்.

முழு ராமாயணம்

வேண்டாம். ஒரு காட்சி போதும். நம் பிள்ளைகள் பாரதக் கூத்தும், அதன் முடிவில் துரியோதனன் வீழும் படுகளமும் பார்த்து வளர்ந்தவர்கள். பீமன், துரியோதனன் சண்டையைக் கொடுத்தால் தானாகவே ஆடுவார்கள்.

திரையிலிருந்து தள்ளிப் பிடிப்பது

உருவம் மங்கிவிடும். திரைக்கு வேட்டியை விறைப்பாகக் கட்டி, பாவையை அதில் ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

டியூப் லைட்

கூடாது. ஒரே ஒரு எல்இடி பல்பு போதும்.