டகாயாசு அளவுகோலை நம் பக்கத்து நோயாளிகளிடம் சோதிப்பது எப்படி

முதுநிலை ஆய்வேட்டுக்கு டகாயாசு தமனி அழற்சியை எடுத்தேன் என்றதும், "நெல்லையைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் எத்தனை பேர் தேறுவார்கள்?" என்று சிரித்தார் ஒரு சீனியர். மகாதமனியும் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) அதன் பெரிய கிளைகளும் அழன்று, சுவர் தடித்து, அடைபட்டுப்போகும் அபூர்வ நோய் இது. ஒருவருக்கு இருப்பது இந்த நோய்தானா என்று வகைப்படுத்த உதவும் அம்சப் பட்டியல்தான் அளவுகோல்; அது நம் நோயாளிகளைச் சரியாகப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: இரண்டு அளவுகோல்களையும் எடுங்கள்

1990ஆம் ஆண்டு அமெரிக்க அளவுகோலில் ஆறு அம்சங்கள். மூன்று இருந்தால் போதும். 2022இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதவியல் (ருமட்டாலஜி) அமைப்புகள் சேர்ந்து வெளியிட்டது மதிப்பெண் முறை: நோய் தெரியும்போது வயது 60க்குள், ஸ்கேனில் ரத்தக்குழாய் அழற்சி, இவை இரண்டும் கட்டாயம்; அதன்பின் மற்ற அம்சங்களில் குறைந்தது 5 மதிப்பெண் வேண்டும்.

ஏன் இரண்டும்? ஜப்பானில் இந்நோய் பெரும்பாலும் மகாதமனி வளைவின் கிளைகளைப் பிடிக்கிறது. இந்தியாவில் வயிற்றுத் தமனியும் சிறுநீரகத் தமனியும் அதிகம் அடிபடுகின்றன. இருபது வயதுப் பெண் கடும் ரத்த அழுத்தத்தோடு வருகிறாள், கையில் நாடி நன்றாக இருக்கிறது, ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சலும் இல்லை என்றால், 1990 கணக்கில் வயதும் ஆஞ்சியோகிராமும் மட்டுமே தேறும். இரண்டுதான். 2022 கணக்கில் பெண் என்பதற்கு 1, பாதித்த இரண்டு தமனிப் பகுதிகளுக்கு 2, வயிற்றுத் தமனியோடு சிறுநீரகத் தமனியும் சேர்ந்ததற்கு 3. ஆறு மதிப்பெண்ணோடு உள்ளே வந்துவிடுகிறாள்.

படி 2: 'உண்மையான நோயாளி' யார் என்பதை அளவுகோலைக் கேட்காமல் முடிவுசெய்யுங்கள்

அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்கள், மதிப்பெண்ணைப் பார்க்காமல், தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அளவுகோலை வைத்தே நோயைத் தீர்மானித்துவிட்டு, அதே அளவுகோல் சரியா என்று கேட்பது தராசை அதே தராசில் நிறுத்துப் பார்ப்பதற்குச் சமம்.

படி 3: படிவம் (நான் வழுக்கி விழுந்த இடம்)

பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து எக்செலில் ஏற்றி, கூட்டிப் பார்த்தேன். பாதிப் பேர் 5ஐத் தொடவில்லை. 'இந்த அளவுகோல் தென் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று முடிவுரைகூட எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் கண்ணில் பட்டது: பெரும்பாலான கேஸ் ஷீட்டுகளில் ரத்த அழுத்தம் வலது கையில் மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது. இரு கைகளுக்கும் 20 மி.மீ. வித்தியாசம் உண்டா என்ற கட்டம் காலி. காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாகக் கூட்டியிருந்தது.

'இல்லை' என்று எழுதியிருந்ததும் நம்பும்படி இல்லை. ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்த, பீடி சுற்றும் ஒரு அக்காவின் கேஸ் ஷீட்டில் 'கை வலி இல்லை' என்றிருந்தது. மறுபரிசோதனைக்கு வந்தபோது, "பீடி சுற்றும்போது இடையில் நிறுத்த வேண்டியிருக்கிறதா அக்கா?" என்று கேட்டேன். "வலி ஒன்றும் இல்லை டாக்டரம்மா. கை அசந்துபோகும். சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் சரியாகிவிடும்" என்றார். வேலை செய்தால் வந்து, ஓய்ந்தால் போகும் இந்த அசதிக்குத்தான் 2 மதிப்பெண். 'வலி' என்று கேட்டால் அது கிடைக்காது.

ஆகவே மூன்று குறியீடுகள் வையுங்கள்: 'உண்டு' என்றால் 1; 'பார்த்தோம், இல்லை' என்றால் 0; 'பார்க்கவே இல்லை' என்றால் 9. கூட்டும் முன் 9ஐ நீக்க மறந்துவிடாதீர்கள்; நான் மறந்து ஒருவருக்கு 26 மதிப்பெண் போட்டேன். அதிகபட்சமே 19தான். முடிவில் 9 எல்லாவற்றையும் 0 என்று ஒருமுறை, 1 என்று ஒருமுறை வைத்துக் கணக்கிட்டு இரண்டையும் எழுதுங்கள்.

படி 4: ஒப்பீட்டுக் குழு

ஆரோக்கியமானவர்களைச் சேர்த்து எண்ணிக்கையை உயர்த்தாதீர்கள். டகாயாசு போலவே தோன்றுபவர்கள் வேண்டும்: பெசெட் நோய் (இதுவும் ஒரு ரத்தக்குழாய் அழற்சி), காசநோயால் வரும் மகாதமனி அழற்சி, கொழுப்புப் படிவு. கடைசி வகையினர் பலர் 'அழற்சி' என்ற வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களைத் தனியாக எண்ணுங்கள்.

படி 5: கணக்கு

பதிவுக்கு எக்செல் போதும். கணக்குக்கு இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இதற்கு வீண். 20 பேரில் 17 பேரை அளவுகோல் பிடித்தால் '85 சதவீதம்' என்று மட்டும் எழுதாதீர்கள். வில்சன் என்ற புள்ளியியல் முறையில் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) ஏறக்குறைய 64 முதல் 95 வரை நீள்கிறது.

பின்சேர்க்கை: இரண்டு கைகளிலுமே நாடி இல்லாதவருக்கு என்ன செய்வது என்று தென்காசியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைவாக இருந்தால் வித்தியாச அம்சத்துக்கு 0தான். இது பார்த்துப் போட்ட 0. கை நாடிக் குறைவுக்கு 2 தனியாக வந்துவிடும். காலிலும் அழுத்தம் எடுத்துக் குறித்துவையுங்கள். மதிப்பெண்ணுக்கு உதவாது; ஆனால் கைத் தமனி அடைபட்டதால் மட்டுமே குறைவாகக் காட்டும் அழுத்தத்தை நம்பி, கையில் 90 என்று பார்த்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தப்போகிறவருக்கு உதவும்.