வீட்டு பில்லைக் குறைக்க: வீவக குடும்பங்களுக்கு ஓர் எளிய செய்முறை

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு மூட்டுவலி, வெந்நீரில்தான் குளிப்பார். சின்னவனுக்கு வியர்த்தால் தூக்கம் வராது. இந்த இரண்டிலும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். யாருக்கு எது இல்லாமல் முடியாது என்பதை முதலில் எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள். மிச்சப்படுத்துவதெல்லாம் மற்ற இடங்களில்தான்.

படி 1: பில்லைப் பிரித்துப் பாருங்கள்

மின்சார, தண்ணீர் பில்லை அனுப்பும் எஸ்பி குழுமத்தின் பில்லில் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். மின்சாரம், தண்ணீர், குழாய் எரிவாயு, குப்பை அகற்றும் கட்டணம் எல்லாம் தனித்தனி வரிகளில் இருக்கும். குப்பைக் கட்டணத்தில் நாம் செய்ய ஒன்றுமில்லை. சமையல் எரிவாயுவும் பெரும்பாலான வீடுகளில் சிறிய தொகைதான். பருப்பைக் குக்கரில் வேகவைத்தால் போதும், அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியவை மின்சாரமும் தண்ணீரும்.

இன்னொன்று. பழைய வகை மீட்டர் உள்ள வீடுகளில் ஒவ்வொரு மாதமும் ஆள் வந்து அளவு எடுப்பதில்லை. இடைப்பட்ட மாதத்தில் மதிப்பீட்டில்தான் பில் வரும். அதனால் ஒரு மாதம் திடீரென்று ஏறினால் பயப்படாதீர்கள், இரண்டு மாதங்களைக் கூட்டிப் பாருங்கள்.

படி 2: தண்ணீர் கசிகிறதா?

இரவு எல்லோரும் படுத்த பிறகு, வாசலுக்கு வெளியே இருக்கும் தண்ணீர் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி ஒரு படம். இரவில் யாரும் தண்ணீர் புழங்காமலே எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. முதலில் கழிவறைத் தொட்டியைச் சந்தேகியுங்கள். கேசரிக்குப் போடும் கலர்ப்பொடியைச் சிறிது தொட்டியில் கரைத்து, கால் மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு தேய்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. சத்தமே இல்லாமல் எத்தனை மாதம் ஒழுகியதோ, இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த ரப்பரை மாற்றுவது சின்ன வேலைதான்.

படி 3: குளியல்

ஏப்ரல் 2025 முதல் தண்ணீர் விலை, மாதம் 40 கனமீட்டர் வரை ஒரு கனமீட்டருக்கு 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதாவது 1,000 லிட்டருக்கு. ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர் போகிறது என்று வையுங்கள். பத்து நிமிடக் குளியலை ஐந்தாக்கினால் ஓர் ஆளுக்கு 45 லிட்டர் மிச்சம். நாலு பேருக்கு மாதம் 5,400 லிட்டர், ஏறக்குறைய 17 வெள்ளி. வெந்நீர் என்றால் ஹீட்டர் மின்சாரமும் சேர்ந்து குறையும். பிள்ளைகளை விரட்ட வேண்டாம், சோப்புப் போடும்போது குழாயை மூடச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. தொட்டி வகை ஹீட்டர் என்றால் குளிக்கக் கால் மணி நேரம் முன்பு போட்டு, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். மாமியார் குளியலுக்கு நான் கடிகாரம் வைக்கவில்லை.

படி 4: ஏர்கான்

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். படுக்கையறை ஏர்கான் மணிக்குச் சராசரியாக 0.8 யூனிட் இழுத்தால், எட்டு மணி நேரத்துக்கு 6.4 யூனிட், மாதத்துக்கு 192 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் ஏறத்தாழ 57 வெள்ளி, அதுவும் ஒரே அறைக்கு. 50 வாட் மின்விசிறி அதே நேரம் ஓடினால் 4 வெள்ளிகூட ஆகாது.

ஏர்கானை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். 25 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். காற்று உடம்பில் படுவதால் 23 டிகிரியில் வைத்த குளிர்ச்சி கிடைக்கும். அப்புறம் டைமரை அதிகாலை நாலு மணிக்கு அணையும்படி வையுங்கள். அறை ஆறு மணி வரை குளிர்ச்சியாகவே இருக்கும், சின்னவன் புரண்டுகூடப் படுப்பதில்லை. முன்பக்க வலைத் தட்டை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். தூசி அடைத்தால் மெஷின் மூச்சுத் திணறி அதிக மின்சாரம் இழுக்கும்.

மேற்கு வெயில் விழும் வீடென்றால் பிற்பகலில் தடித்த திரையை இழுத்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் சன்னலைத் திறந்து வைத்தாலே பல இரவுகள் ஓடிவிடும்.

படி 5: வாங்கும்போது

குளிர்பதனப் பெட்டியோ ஏர்கானோ பழுதானால்தான் மாற்றுங்கள். நன்றாக ஓடுவதைத் தூக்கிப்போட்டு இன்னொன்று வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கும்போது, மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் அட்டையில் எத்தனை டிக் என்று எண்ணுங்கள், ஐந்துதான் உச்சம். சிங்கப்பூர்க் குடிமக்கள் வசிக்கும் வீவக வீடுகளுக்கு, சிக்கனமான சாதனங்கள் வாங்க அரசாங்கம் 2024-இல் 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்தது, 2025-இல் இன்னும் 100 வெள்ளி சேர்த்தது. சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியாக எடுத்துக்கொள்ளலாம், எல்இடி விளக்குகூட வாங்கலாம்.

படி 6: மின்சார ஒப்பந்தம்

2018 முதல் கட்டம் கட்டமாகச் சந்தை திறந்ததால், இப்போது வேறு விற்பனையாளரிடமும் மின்சாரம் வாங்கலாம். எஸ்பி கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நிலையான விலைத் திட்டம் அப்படி மாறாது. கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள்: பொருள் சேவை வரி சேர்ந்த விலையா, இடையில் விலகினால் அபராதம் எவ்வளவு, ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது. அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.