இரட்டைக் கண்ணாடி ஜன்னல்: எதைக் கேட்டு வாங்குவது, எப்படிப் பொருத்துவது

இரட்டைக் கண்ணாடி போட்டும் சென்னை வெயிலில் படுக்கையறை கொதிக்கிறது என்றால், பெரும்பாலும் வாங்கியது பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடியாக இருக்கும். 6-12-6 என்று கடையில் சொல்வது, நடுவே 12 மி.மீ. காற்றிடைவெளி விட்டு அடைத்த இரண்டு 6 மி.மீ. கண்ணாடிகளை. ஒற்றைக் கண்ணாடிக்கு யூ-மதிப்பு (உள்ளுக்கும் வெளிக்குமான வெப்ப வித்தியாசத்தால் சூடு கடக்கும் அளவு; குறைந்தால் நல்லது) சுமார் 5.7, இதற்கு 2.8, பாதியாகிவிட்டது என்று விற்பவர் காட்டுவது இந்த எண்ணைத்தான். நம் ஊர் ஜன்னல் வழியே சூடு வருவதோ முக்கியமாக நேர் வெயிலாக. அதில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்று அளக்கும் எண் எஸ்.எச்.ஜி.சி. பூச்சில்லாத ஒற்றைக் கண்ணாடியில் அது ஏறக்குறைய 0.8, இரட்டையில் 0.7. பெரிய வித்தியாசமில்லை. வெயிலைத் தடுக்கும் லோ-ஈ எனும் மெல்லிய உலோகப் பூச்சு இருந்தால் 0.3 வரை இறங்கும். மேற்கு, கிழக்கு ஜன்னல்களுக்கு இதைக் கேட்டு வாங்குங்கள். நல்ல சன்ஷேடு உள்ள வடக்குப் பக்கத்துக்குப் பூச்சு இல்லாததே போதும். ஏசி இல்லாமல் எப்போதும் திறந்தே கிடக்கும் அறைக்கு இரட்டைக் கண்ணாடி வீண் செலவு.

பூச்சு இருக்க வேண்டிய இடம், வெளிக் கண்ணாடியின் உட்பக்கம். இருட்டில் சிறு விளக்கை வெளியிலிருந்து காட்டினால் நான்கு பிம்பங்கள் தெரியும். இரண்டாவது மட்டும் நிறம் மாறியிருக்க வேண்டும். மூன்றாவது மாறியிருந்தால் கண்ணாடியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். இப்படி வெயிலை வாங்கிச் சூடாகும் கண்ணாடி டஃபன்டாக (சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கியதாக) இருப்பது நல்லது. பாதி நிழல், பாதி வெயில் விழுந்தால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும். பிறகு சன் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் இதே காரணத்தால் வேண்டாம்.

சாலை இரைச்சலுக்காக வாங்குவோர் இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு கனத்தில் கேட்க வேண்டும்: 8-12-6 போல. ஒரே கனமென்றால் ஒரே சுருதியில் இரண்டும் சேர்ந்து அதிரும். தள்ளித் திறக்கும் ஸ்லைடிங்கில் ஓரத்துப் பிரஷ் வழியே காற்றும் சத்தமும் கசியும். கதவு போலத் திறந்து, ரப்பர் கேஸ்கட்டில் அழுந்தி மூடும் கேஸ்மென்ட்தான் சரி. அது வெளியே திறப்பதால் கிரிலும் கொசுவலையும் உட்பக்கம் வரும்.

எடையை யாரும் கணக்குப் போடுவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ. நாலுக்கு நாலு அடி 6-12-6 கண்ணாடி மட்டும் 45 கிலோ. ஒரே கதவாகப் போட்டால் கீல் தொங்கிவிடும். இரண்டு கதவாகப் பிரியுங்கள். யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய இரும்பு இருக்கிறதா என்று வெட்டிய துண்டில் பாருங்கள். கடலோரம் என்றால் திருகும் கீலும் 316 தர எவர்சில்வர்.

அளவெடுப்பது சுவர்ப் பூச்சு வேலை முடிந்த பிறகு. அகலம் மூன்று இடம், உயரம் மூன்று இடம், இரு மூலைவிட்டங்கள். இருப்பதில் சிறியதை எடுத்து, அகலத்திலும் உயரத்திலும் 10 மி.மீ. குறையுங்கள். டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது.

சட்டத்தை ரசமட்டம் பார்த்து நிறுத்தி, மூலையிலிருந்து 150 முதல் 200 மி.மீ. தள்ளி முதல் திருகு, அப்புறம் 600 மி.மீ.க்கு மிகாமல் ஒவ்வொன்று. திருகு வரும் இடத்தில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பிளாஸ்டிக் கட்டை வைக்காமல் முடுக்கினால் சட்டம் வளையும். மீதி இடைவெளியில் குறைவாக உப்பும் ஃபோம் அடியுங்கள், கதவை மூடி வைத்து. வெளிவிளிம்புக்கு நியூட்ரல் சிலிகான். வினிகர் வாடை வரும் மலிவு சிலிகான் வேண்டாம். அது சிமென்டில் சரியாக ஒட்டாது, அதன் அமிலம் உலோகத்தையும் அரிக்கும்.

ஆயுளைத் தீர்மானிப்பது விளிம்பு. இரு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்தும் ஸ்பேசர் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள், அதை ஒட்டி பியூட்டைல் பசை, வெளியே பாலிசல்பைடு அல்லது சிலிகான் பசை. இந்த விளிம்பு தண்ணீரில் ஊறினால் ஒட்டு விட்டுப்போகும். அதனால்தான் கண்ணாடி நேரடியாகச் சட்டத்தில் உட்காராமல், இரு கண்ணாடிகளையும் தாங்கும் அகலத்தில் கட்டைகள்மேல் உட்கார வேண்டும். கட்டை வடிகால் ஓட்டையை மறைக்கக் கூடாது. கொத்தனார் கிரானைட் பதிக்கும்போது சிமென்ட் பால் ஓடி அந்த ஓட்டைகளை அடைப்பது வழக்கமாக நடப்பது. வேலை முடிந்ததும் சட்டத்தின் கீழ்ப்பள்ளத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். உடனே வெளியே வடிய வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்குக் கணக்கே வேறு. அங்கே வெயில் வேண்டும், யூ-மதிப்பு குறைய வேண்டும். கீழே சமவெளியில் அடைத்த இரட்டைக் கண்ணாடி யூனிட் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் உப்பி ஒட்டு பிரியலாம், உடையவும் செய்யலாம். ஆர்டரிலேயே உயரத்தைச் சொல்லி, அழுத்தம் சமப்படுத்தும் நுண்குழாய் வைக்கச் சொல்லுங்கள்.

ஏசி ஓடும் அறையில் விடியற்காலை கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்தால் அது கோளாறு இல்லை. இரண்டுக்கும் நடுவே பனித்தால் ஒட்டு போய்விட்டது. யூனிட்டையே மாற்ற வேண்டும். மாற்றுமுன் வடிகால் ஓட்டையைக் கம்பியால் குத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.