வேலியோரத்துத் தையற்சிட்டு: பார்ப்பதும் படம் எடுப்பதும்

ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களில் வாலை நிமிர்த்தியபடி புதருக்குள் திரியும் ரென் என்னும் குருவி இலங்கையில் இல்லை. ஆனால் அதைப் போலவே வாலைத் தூக்கிக்கொண்டு, சிறிய உடலிலிருந்து பெருங்குரல் எழுப்பும் தையற்சிட்டு யாழ்ப்பாணத்து வளவுகளில் ஆண்டு முழுவதும் வாழ்கிறது. 1769 இல் இயற்கையியலாளர் தோமஸ் பென்னன்ட் அறிவியல் உலகுக்கு விவரித்த இக்குருவியைச் செம்பழுப்பு நெற்றி, பச்சை முதுகு, வெளிறிய வயிறு ஆகியவற்றால் அடையாளம் காணலாம்.

இதைத் தேடும்போது கண்ணுக்கு முன் காதே உதவும். ஒரே ஒலியைச் சளைக்காமல் அடுக்கிக்கொண்டே போகும் கூர்மையான குரல் கேட்டதும் அத்திசையில் நடந்து போகாதீர்கள். போனால் அது அடுத்த வளவுக்குப் போய்விடும். செவ்வரத்தையோ தேசிமரமோ பூவரச வேலியோ தெரியும்படி, வெயில் ஏறுவதற்கு முந்திய காலையில், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு ஓரிடத்தில் அமர்ந்துவிடுங்கள். புழு பூச்சிகளைத் தேடி இலை இலையாகத் தாவும் குருவி, வந்த வழியாகவே பெரும்பாலும் திரும்பி வரும். கூவும்போது தொண்டையின் பக்கத்தில் தோன்றும் கருந்திட்டு நிழலன்று. இறகு விலகும்போது தெரியும் கருந்தோல். வளவு இல்லாதவர்கள் யாழ்ப்பாண நகரிலுள்ள ‘பழைய பூங்கா’வுக்குப் போகலாம்; ஆட்களின் நடமாட்டத்துக்குப் பழகிய குருவிகள் அங்கே சற்று நெருங்கவிடும்.

படத்துக்கு 300 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் நல்லது. குருவி ஓரிடத்தில் நிற்காததால் ஷட்டர் வேகத்தைச் செக்கனில் 1/1000 பங்குக்குக் குறைக்காமல், இலைநிழலின் இருட்டுக்கு ஏற்ப, கமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவை 1600 வரை உயர்த்துங்கள். கமரா முன்னால் நிற்கும் இலையைக் குவியப்படுத்திவிடும் என்பதால் ஒற்றைக் குவியப் புள்ளியைத் தேர்ந்து, அதைக் குருவியின் கண்ணில் வையுங்கள். பின்னணி இருண்டிருந்தால் வெளிறிய வயிறு வெளுத்துப் போகும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்தால் இறகின் நுணுக்கம் தப்பும்.

கூடு வேறு விடயம். அகன்ற இலையின் விளிம்புகளில் அலகால் துளையிட்டு, பஞ்சிழையையும் சிலந்தி நூலையும் கோத்து, இலையையே பையாக்குகிறது இக்குருவி. இலையின் வெளிப்புறத்தில் ஒவ்வொரு துளையிலும் பஞ்சு சிறு குமிழாகத் துருத்தி நிற்கும். அதைப் பார்த்தவர் மறக்கமாட்டார். எங்கள் கிணற்றடியில் அப்படியொரு கூட்டைத் தெளிவாகப் படம் எடுப்பதற்காக, மறைத்து நின்ற ஓர் இலையை வளைத்துக் கட்டினேன். மறுநாள் செண்பகப் பறவை வந்து முட்டைகளைக் குடித்துவிட்டது. அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை. ஆகவே கூட்டைக் கண்டால் இலையைத் தொடாமல், ஃபிளாஷ் போடாமல், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடாமல் விலகிவிடுங்கள். முட்டை பொரித்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குஞ்சுகள் வெளியேறி, அருகிலுள்ள கிளைகளில் அமர்ந்து இரை கேட்டுக் கத்தும். தாயும் தந்தையும் அங்கேயே பறந்து வந்து ஊட்டும் அந்த நாட்களில், வழமையான இடத்தில் அமர்ந்து கமராவை எடுங்கள்.