பழைய இ.சி.ஜி. போனில் இருக்கட்டும்
பழைய இ.சி.ஜி. தாளை போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். சிலருக்கு இ.சி.ஜி.யில் நெடுநாளாகவே ஒரு மாறுதல் இருக்கும்; பழையது கையில் இருந்தால், இப்போது தெரிவது புதிதா என்று டாக்டர் உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தத் தாள் சூட்டில் அச்சாவது, ஏ.டி.எம். ரசீது மாதிரி நாளாக ஆக மங்கிவிடும். சேலம் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை என்றால் போட்டோவைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பழையது நார்மல்தானே என்று வலியைத் தள்ளிப்போடவும் கூடாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் தாங்களே வண்டி ஓட்டி இறங்கப் பார்க்காதீர்கள்.