வால்வு மாத்தினாப் பிறகு ஐஎன்ஆர் சரிவந்த விதம்

எனக்கு இருதயத்தின்ர மைட்ரல் வால்வு, மெக்கானிக்கல் எண்ட செயற்கை வால்வு வைச்சது, அதில ரத்தம் கட்டியாகாமல் இருக்க ஆயுளுக்கும் வார்ஃபரின் குளிசை. ஒப்பரேசனுக்கு முதலே சூத்தைப் பல்லைப் புடுங்குவிச்சவை, பல்லுக் கிருமி ரத்தத்தால போய் வால்வில பிடிக்குமாம். வீட்ட வந்து இருமேக்க தலகாணிய நெஞ்சோட இறுக்கிப் பிடிப்பன், கிணத்தில தண்ணி அள்ள 3 மாசம் மனுசி விடேல்லை. ஐஎன்ஆர் எண்டுற, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு காட்டுற சோதனைதான் கரைச்சல், 2.5க்கும் 3.5க்கும் இடையில நிக்கோணும், ஒருக்கா 1.6, ரத்தம் கட்டியாகிடுமோ எண்டு சரியாப் பயந்திட்டன். யோசிச்சா மாரி மழையோட வளவு முருங்கை துளிர்த்து ஒவ்வொரு நாளும் கோப்பை நிறைய கீரை வறை. கீரையின்ர விட்டமின் கே குளிசையின்ர வேலையைக் குறைக்கும். அதுக்காகக் கீரைய விடேல்லை, கிழமைக்கு 3 நாள், ஒரே அகப்பை அளவு, குளிசை பின்னேரம் 6 மணிக்கு, கலண்டரில புள்ளடி, டொக்டரும் அளவைத் திருத்தினவர். ரெண்டு மாசத்தில 2.8. கிளிநொச்சியில இருந்து பஸ்ஸில வரேக்க அந்த றிப்போட் துண்டை மடிச்சு மடிச்சுப் பாத்தன்.