திருகோணமலை வெயிலில் சிலாகை வள்ளம் கட்டுவது எப்படி

சிலாகை வள்ளம் என்றால், முக்கால் அங்குல அகலமும் 6 மில்லிமீற்றர் தடிப்புமான மரச் சிலாகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி எடுத்து, அதன் உள்ளும் புறமும் கண்ணாடி நாரில் நெய்த பைபர் துணியை எபொக்சி என்ற இறுகும் ரெசினில் தோய்த்துப் போர்த்துகிற வள்ளம். கனடாவில் பீற்றர்பரோ பக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே சீடர் சிலாகைகளில் வள்ளம் கட்டினார்கள்; அப்போது உள்ளே நெருக்கமாக வங்கு, அதாவது விலா எலும்பு மாதிரியான குறுக்குச் சட்டம், வைக்க வேண்டியிருந்தது, பைபர் துணியும் எபொக்சியும் வந்த பிறகு வங்கே தேவையில்லாமல் போய்விட்டது. 16 அடி வள்ளம் 25 கிலோ அளவில் நிற்கும், ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். பலம் அந்த இரண்டு போர்வைகளில்தான் இருக்கிறது, நடுவில் உள்ள மரம் அவற்றை விலத்திப் பிடித்து விறைப்பாக வைத்திருக்கிறது. மரத்துக்குள் தண்ணீர் போனால் போர்வை கழன்றுவிடும், பிறகு வள்ளம் வெறும் பலகை. ஆகவே கட்டும்போதும் சரி, வைத்துப் பராமரிக்கும்போதும் சரி, மரத்தைக் காய்ந்தபடியே வைத்திருப்பதுதான் முழு வேலையும்.

இதற்கு எங்கள் பக்கத்தில் பருவம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை. அந்த மாதங்களில் ஒட்டவோ ரெசின் பூசவோ நினைக்காதீர்கள். தைப்பொங்கல் முடிந்த கையோடு மரத்தை எடுத்து அறுத்து, காற்றோட்டமான கொட்டிலில் இடையிடையே கட்டை வைத்து அடுக்கிவிடுங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சிலாகை ஒட்டத் தொடங்கினால், கச்சான் என்கிற தென்மேல் காற்று எழும்பி வறண்டு வருகிற மே, ஜூனில் ரெசின் வேலைக்கு வந்துவிடலாம். கச்சானோடு புழுதியும் வரும் என்பதால் கொட்டிலின் மேற்குப் பக்கத்தைத் தறப்பாள் போட்டு மறைத்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு வருவோம். சீடர் இங்கே தேடிக் களைக்க வேண்டாம், மரக்காலையில் மலைவேம்பு கேளுங்கள், சிங்களத்தில் லுணுமிதெல்ல என்றால் உடனே தெரியும். பாரம் குறைவு, முடிச்சும் குறைவு, சீவுளிக்கு இதமாக வரும். தேக்கு நல்ல மரம்தானே என்று சிலர் அதற்குப் போகிறார்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16 அடி வள்ளத்தின் உடல் சுமார் ஐந்தரைச் சதுர மீற்றர், 6 மில்லிமீற்றர் தடிப்பில் 0.033 கன மீற்றர் மரம். தேக்கு என்றால் மரம் மட்டும் 21 கிலோ வரும், மலைவேம்பில் 13 கிலோ அளவில் நின்றுவிடும். இன்னும் பாரமான முதிரை, பாலை மரங்கள் சிலாகைக்குக் கிட்டவும் வேண்டாம்.

ஆனால் மேல் விளிம்புக்குப் பாரமான மரம் வேண்டும், அதற்குச் சாவண்டலையை விட நல்லது இல்லை. ஹல்மில்ல என்று விற்கிற அதே மரம்தான், ஆங்கிலேயர் காலத்தில் எங்கள் ஊரின் பெயரிலேயே கப்பலேறிப் போன மரம், சென்னைக் கரையில் அலையை அறுத்துப் போன மசூலாப் படகுகளுக்கு இதைத்தான் தேடி வாங்கினார்கள். உடையாமல் வளையும், உப்புத் தண்ணீருக்கும் அசையாது. ஊரின் பெயர் கொண்ட மரம் ஒரு வள்ளத்தின் விளிம்பிலாவது இருக்கட்டும் என்பது என் விருப்பமும் கூட.

முக்கால் அங்குலப் பலகையின் ஓரத்திலிருந்து 6 மில்லிமீற்றர் கீலமாக அறுத்தெடுத்தால் சிலாகை. சாதாரண வட்ட வாள் அலகு 3 மில்லிமீற்றர் மரத்தைத் தின்னும், அதாவது மூன்றில் ஒரு பங்கு பலகை மரத்தூளாகப் போகும், அதனால் மெல்லிய அலகு வாங்குவதில் காசு பார்க்காதீர்கள். முழு நீளத்தில் பலகை கிடைக்காவிட்டால் இரண்டு துண்டுகளின் நுனியை ஒன்றுக்கு எட்டு என்ற சரிவில் சீவி எபொக்சியால் ஒட்டலாம், அந்த மூட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சிலாகைகளை வளைத்து ஒட்டுவதற்கான அச்சுக்கு அரை அங்குலப் பிளைவுட். வள்ளத்தின் வரைபடத்தில் உள்ள குறுக்கு வெட்டுகளை வெட்டி, நேரான நீளப் பெட்டிச் சட்டம் ஒன்றின் மேல் அடிக்கு ஒன்றாகக் கவிழ்த்து நிறுத்துங்கள். அணியத்திலிருந்து (முன்முனை) கடையால் (பின்முனை) வரை ஒரு தங்கூசி நூலை விறைப்பாகக் கட்டி, ஒவ்வோர் அச்சின் நடுக்கோடும் அதற்கு நேரே வருகிறதா என்று ஆறுதலாகப் பாருங்கள். இங்கே விட்ட பிழை கடைசி வரை கூடவே வரும். அச்சுகளின் ஓரத்தில் பார்சல் ஒட்டுகிற டேப்பை ஒட்டிவிட்டால் பசை பிடிக்காது.

முதல் சிலாகை விளிம்புப் பக்கம், பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி மேலே அடிப்பாகத்தை நோக்கிப் போக வேண்டும். வளைவு கூடிய இடத்தில் சிலாகைகளுக்கிடையில் வெடிப்புத் தெரியும், அங்கே ஓரத்தைச் சீவுளியால் இரண்டு இழுப்புச் சரிவாகச் சீவி வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்வரை. தண்ணீர் தாங்கும் சாதாரண மரப்பசை போதும், எப்படியும் எல்லாம் எபொக்சிக்குள் அடைபடப் போகிறது. ஒரு நாளைக்குப் பக்கத்துக்கு மூன்று நான்குக்கு மேல் ஒட்ட வேண்டாம், பசை காயும்வரை சிலாகையை அச்சோடு பிடித்து வைக்கிற ஸ்டேப்ளர் ஊசிகளைக் கடைசியில் கழற்றலாம்.

ஒட்டி முடிந்ததும் சீவுளி, அப்புறம் நீளப் பலகையில் ஒட்டிய சாண்ட்பேப்பர். உடல் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் பள்ளங்களில் பென்சில் அழியாமல் நிற்கும். இரவில் ஒரு டோர்ச்சை உடலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து காட்டும். பிறகு ஈரப் பஞ்சால் ஒருமுறை துடையுங்கள், நசிந்த இடங்கள் ஊதி எழும்பும். நன்றாகக் காயவிட்டு மெல்லத் தேய்த்தால் மரம் தயார்.

இனித்தான் முக்கியமான கட்டம். எங்கள் கரையில் எல்லா மீன்பிடிப் படகும் பொலியெஸ்டர் ரெசினில் கட்டுவதால் கடைக்காரர் அதைத்தான் எடுத்துத் தருவார், விலையும் குறைவு. தயவுசெய்து வாங்காதீர்கள். பைபரோடு பைபர் ஒட்ட அது நல்லது, மரத்தோடு பிடிப்புக் குறைவு, கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் தோலாக உரிந்துவிடும். இந்த வேலைக்கு எபொக்சிதான், அதுவும் அதை மெதுவாக இறுக வைக்கும் ஹார்ட்னர் என்ற கலவைத் திரவத்துடன். பொலியெஸ்டருக்குக் கெதியாக இறுகட்டும் என்று இரண்டு சொட்டுக் கூட்டி விடுகிற பழக்கம் இங்கே உண்டு. எபொக்சியில் அதைச் செய்யவே கூடாது, டப்பாவில் போட்ட அளவு எதுவோ அதேதான், கூட்டினாலும் குறைத்தாலும் என்றைக்கும் இறுகாத பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள், கோப்பையிலேயே விட்டால் சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும்.

எந்த நேரத்தில் பூசுவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துளைகளுக்குள் உள்ள காற்று விரிந்து, ரெசினுக்குள் குமிழ் குமிழாக வந்து நின்றுவிடும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, சூடு இறங்கத் தொடங்கும்போது பூசுங்கள், மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். சதுர மீற்றருக்கு 200 கிராம் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவில் ஊற்றி, ரப்பர் தகட்டால் ஓரத்துக்கு வழியுங்கள். வெள்ளைத் துணி கண்ணாடிபோலத் தெளிந்து கீழே மரத்தின் ரேகைகள் எழும்பி வரும், அந்த ஒரு காட்சிக்காகவே இவ்வளவு பாடும் படலாம். தொட்டால் ஒட்டாமல் ஆனால் நகம் பதியும் பதத்தில் அடுத்த பூச்சு, அதே பதத்தில் இன்னொன்று, துணியின் நெசவு மறையும்வரை. இரவின் ஈரத்தால் மறுநாள் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கலாம். தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பொஞ்சும் கொண்டு கழுவிவிடுங்கள்.

கையுறை இல்லாமல் எபொக்சியைத் தொடாதீர்கள், தோல் ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு வாசமே ஆகாது. கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், தின்னர் வேண்டாம், அது இன்னும் உள்ளே கொண்டுபோகும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம்.

நிமிர்த்தி அச்சைக் கழற்றிய பிறகு உள்பக்கமும் இதே வேலை. ஆனால் நெசவு முழுக்க மறைய வேண்டாம், கால் வழுக்காமல் இருக்கட்டும். அணியத்துக்கும் கடையாலுக்கும் வெளியே இன்னொரு பட்டித் துணி வையுங்கள், சிப்பிப் பாறையில் முதலில் உரசுவது அந்த இடம்தான். விளிம்புக்கும் இருக்கைக்கும் துருப்பிடிக்காத திருகாணி, ஒவ்வொரு துளைக்குள்ளும் எபொக்சி விட்ட பிறகே முறுக்குங்கள். தண்ணீர் மரத்துக்குள் நுழைய நாமே திறந்து கொடுக்கிற வாசல்கள் அவை. இரண்டு முனையிலும் மிதப்புக்குக் காற்றடைத்த அறையோ நுரைக் கட்டியோ (போம்) இருக்க வேண்டும்.

கடைசியில் வெயில் தாங்கும் கடல் வார்னிஷ், குறைந்தது மூன்று பூச்சு. எபொக்சி தண்ணீருக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும். வார்னிஷ் இல்லாமல் முற்றத்தில் கிடந்தால் மஞ்சளாகி, வெளுத்து, பொரியத் தொடங்கும்.

ஓட்டுவதற்குத் தம்பலகாமம் விரிகுடா, உப்பாற்றுப் பக்கம் எல்லாம் அருமையான இடங்கள், துறைமுகத்துக்குள் கடற்படை எல்லையை மட்டும் விசாரித்துக்கொண்டு இறங்குங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கச்சான் பலமாக இருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரம் தண்ணீர் தட்டையாக, ஆசை காட்டுவதாக இருக்கும், வெளியே போனவர் துடுப்பால் திரும்பி வருவதுதான் பாடு. உயிர்காப்பு அங்கி எந்நேரமும் உடம்பில் இருக்க வேண்டும்.

வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில், நிலத்தில் படாமல் இரண்டு தாங்கிகளில் கவிழ்த்து வையுங்கள். கிடுகுக் கொட்டில் நல்லது, தாங்கியின் காலில் கறையான் ஏறுகிறதா என்று மட்டும் அடிக்கடி பாருங்கள். தறப்பாளை உடலோடு ஒட்டி இறுக்கிக் கட்டக் கூடாது, உள்ளே வேர்த்து வார்னிஷ் ஊதும். வருடத்துக்கு ஒருமுறை, வாடை தொடங்க முன், லேசாகத் தேய்த்து ஒரு பூச்சு வார்னிஷ் போடுங்கள். கீறல் வெள்ளையாக இருந்தால் மேல்தோல்தான், அவசரமில்லை. மரம் கறுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்துத் துணியைச் சுற்றிலும் நல்ல பகுதி வரும்வரை தேய்த்து எடுத்து, கறுப்பு வெளுத்துப் பக்கத்து மரத்தின் நிறத்துக்கு வரும்வரை கச்சான் காற்றில் காயவிடுங்கள், பிறகுதான் புதுத் துணியும் எபொக்சியும்.